ஸ்வெட்டர் போட்ட ஜெரேனியம்

சென்ட்ரல் ஸ்டேஷனில் மலையிலிருந்து வந்த ரயில் நின்றதும் முதலில் இறங்கியது என் நாத்தனார் அல்ல, டின்கள். ஐந்து கிலோ நெய் டின்னின் மேல்பக்கத்தை வெட்டி, ஓரத்தை மடக்கித் தட்டி, பச்சை பெயின்ட் அடித்த டின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜெரேனியம் செடி. ஒவ்வொரு டின்னும் ஸ்வெட்டர் போட்டிருந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் போடும் கம்பளி ஸ்வெட்டரைக் கீழிருந்து மேலே இழுத்து மாட்டி, அதன் இரண்டு கைகளையும் முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருந்தார். பிளாட்பாரத்தில் வரிசையாக வைத்ததும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டி நிற்பதுபோல இருந்தது. டிசம்பர் மாதம்தான். ஆனால் சென்னை டிசம்பர். எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போன போர்ட்டர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, செடிக்கு ஜொரமா?" என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இத்தனை டின்களும் எந்த வீட்டில் போய் இறங்கப் போகின்றன என்பது எனக்குத் தெரியும்.

என் கணவருக்கு மூத்த அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருபது சொச்சம் வயதில் மலைமேல் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதிக்கு மேட்ரனாகப் போனார். முப்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டு, ஓய்வு கொடுத்து அனுப்பியதும் தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பி வீடு என்றால் என் வீடு. முப்பது வருடம் பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகியவர் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்கலாம். துண்டை எப்படி மடிப்பது, சோப்புப் பெட்டியில் தண்ணீர் ஏன் தேங்கக் கூடாது, சாப்பிடும்போது முழங்கை எங்கே இருக்க வேண்டும் எல்லாவற்றுக்கும் சட்டம் வந்தது. சாதாரணமாகப் பேசும்போது மலையில் கற்ற நிதானமான தமிழ் பேசுவார். கோபமோ வருத்தமோ வந்தால்தான் ராயபுரம் எட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டில் அது அடிக்கடி எட்டிப் பார்த்தது.

எங்களுக்கு முதல் மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. அண்ணியின் கட்டில் கூடத்தில். கீழே வீட்டுக்காரம்மா. மேலே மொட்டை மாடி, அதற்கு ஏறுவது செங்குத்தான இரும்புப் படி. மழை பெய்தால் வழுக்கும் என்பதால் ஐப்பசி பிறந்ததுமே அண்ணி அதில் கால் வைக்க மாட்டார். மற்ற மாதங்களில் பகல் முழுக்க அவர் மொட்டை மாடியில்தான் இருப்பார். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு சின்னச் சாய்ப்பு உண்டு. அதன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, காய்ந்த இலைகளைக் கிள்ளுவதும், காசிமேட்டிலிருந்து வாங்கிய மீனைக் காயவைக்க வரும் வீட்டுக்காரம்மாவிடம் சட்டம் பேசுவதுமாகப் பொழுது போகும். பிரச்சினை எல்லாம் குளிர்காலத்தில்தான்.

ராயபுரத்துக்கு ஏது குளிர்காலம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அண்ணிக்குக் குளிர்காலத்தைக் கோயில் காலண்டர் சொல்லும். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று பூசை முடிந்து வந்ததும் டின்கள் அத்தனையும் கூடத்துக்குள் வந்துவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த பிறகுதான் வெளியே போகும். மலையில் அந்த மாதங்களில் உறைபனி விழும், செடியை உள்ளே வைத்து ஸ்வெட்டர் போட்டு, வாரத்துக்கு ஒரு கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டுத் தூங்க வைக்க வேண்டும். அது மலைக்குச் சரி. எங்கள் தெருவில் டிசம்பரில்கூட டீக்கடைக்காரர் பனியனோடு நிற்பார். ஜெரேனியத்துக்கு இந்த ஊரில் நல்ல காலம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதமும் அதை இருட்டு மூலையில் அடைத்துவிட்டு, மார்ச் வெயில் பிறந்ததும் கொண்டுபோய் மொட்டை மாடியில் வைப்பார். வெயிலில் இருக்க வேண்டிய காலத்தில் நிழல், நிழலில் இருக்க வேண்டிய காலத்தில் வெயில். இதைவிடத் திருத்தமாக ஒரு செடியைக் கொல்ல முடியாது.

செடிகள் உள்ளே வந்தால் கூடத்தில் ஃபேன் போடக் கூடாது. குளிர்ந்த காற்று படுமாம். ஆறு மணிக்கு ஜன்னலை மூட வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கிய ராயபுரத்தில், ஃபேன் இல்லாத மூடிய கூடத்தில், கொசு எங்களை என்ன செய்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. என் மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது காலில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் மூலையை டின்கள் பிடித்துக்கொண்டதால் குடில் டிவிக்கு முன்னால் வந்தது. ஒரு வருடம் கேரல் பாட வந்த கோயில் பையன்களில் தாத்தா வேஷம் போட்டவர் டின்னில் இடறிக் குடில்மேல் விழுந்தார். ஒட்டகத்தின் கழுத்து உடைந்தது, தாத்தாவின் தாடி கையோடு வந்துவிட்டது. அண்ணி ஓடிப்போய் நிமிர்த்தியது டின்னை. வீட்டுக்காரம்மா அடிக்கடி மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உங்க நாத்தனாரு செடிய தூங்க வெச்சுட்டாங்களா? தாலாட்டு பாட ஆள் வேணுமா?" என்று என்னைச் சீண்டிவிட்டுப் போவார்.

நான் சொல்லாமலா இருந்தேன்? பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பேன். "அண்ணி, இங்கே உறைபனி கிடையாது. வெயில்லே வெச்சாத்தான் பூக்கும்" என்பேன். "முப்பது வருசம் செடி வெச்சவ நானா, நீயா?" என்பார். போனில் வீடியோ போட்டுக் காட்டினால், "அதுல பேசறவன இங்க வந்து நிக்கச் சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் கணவரைக் கேட்டால், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவருக்கு இரண்டு பெண்களுக்கு நடுவில் எப்படிச் சத்தமில்லாமல் நழுவுவது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியும் என்று அக்காவிடம் சொல்வார், நீ சொல்வதும் சரி என்று என்னிடம் சொல்வார், பிறகு ஷிஃப்டுக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு வருடமும் நடந்தது இதுதான். ஏப்ரலில் இலை ஓரம் கருகும். மே மாதம் டின்களில் குச்சிகள் நிற்கும். அண்ணி உப்புக் காற்றைத் திட்டுவார், எண்ணூர் சாலையில் போகும் ட்ரெய்லர் லாரிகளின் புழுதியைத் திட்டுவார், லாரித் தண்ணீரைத் திட்டுவார். கடைசியில், "இந்த வூட்டுல கைராசி இல்ல" என்று என் பக்கம் பார்ப்பார். ஜூனில் மலையிலிருந்து யாராவது வரும்போது, விடுதியில் சமையல் செய்த அம்மா, வராந்தாச் செடிகளிலிருந்து கிளைகளை ஒடித்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்புவார். அண்ணி அவற்றை நடுவார். மறுபடி திருவருகைக் காலம், மறுபடி ஸ்வெட்டர், மறுபடி கொசு. இப்படியே ஆயுள் முழுக்க ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒரு கோடையில் அந்தச் சமையற்கார அம்மா போன் செய்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கட்டடத்தை வாங்கிய ஓட்டல்காரர்கள் வராந்தாவில் இருந்த செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புல்தரை போட்டுவிட்டார்கள். அவரும் மகனோடு பெங்களூருக்குப் போகிறார். இனி கிளை வராது. அந்த வருடம் எங்கள் மொட்டை மாடியில் ஒரே ஒரு செடிதான் பிழைத்திருந்தது. துணி காயப்போட இடைஞ்சலாக இருக்கிறது என்று நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்த டின். நிழல் கிடைத்ததால் பிழைத்தது. இதைச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணி போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். சாயங்காலம் நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பொண்ணுங்களுக்குத் தல வாரி வுட்டேன். ஜொரம் வந்தா ராவெல்லாம் முயிச்சுகினு இருந்தேன். ஒருத்தி ஒரு கடுதாசி போடல. அங்கேர்ந்து என் கூட வந்தது இது ஒண்ணு தான். இதுவும் போச்சுன்னா நான் அங்க இருந்ததே பொய்யின்னு ஆயிடும்" என்றார்.

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தில் ஒரு காரியம் செய்தேன். மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் நல்ல சிவப்பு ஜெரேனியம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். அண்ணி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இது வேற செடி" என்று சொல்லிவிட்டு, கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்காரம்மா அதை வாசலில் வெயிலில் வைத்தார். கிறிஸ்துமஸுக்கு அது குலுங்கக் குலுங்கப் பூத்து, போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். அண்ணி பார்க்கவில்லை.

அந்த வருடம் திருவருகைக் காலம் நெருங்கியதும் நான் கெஞ்சியே பார்த்தேன். இருப்பது ஒரே ஒரு செடி, இந்த ஒரு வருடமாவது மேலே வெயிலில் விடுங்கள், உள்ளே வைத்தால் செத்துவிடும் என்றேன். கிளை ஒடித்து வேறு டின்னில் நட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். முந்தைய வருடம் இங்கே வளர்ந்த செடியில் ஒடித்து நட்ட குச்சிகளெல்லாம் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அழுகிவிட்டன, இனி இதில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். "செத்தா என் கண்ணு முன்னாடி சாவட்டும். மேல தனியா சாவ வேணாம்" என்று சொல்லிவிட்டு, முதல் ஞாயிறு அன்று வழக்கம்போல என் கணவரை விட்டு டின்னைக் கீழே இறக்கி, ஸ்வெட்டர் மாட்டி, கைகளை முடிச்சுப் போட்டு மூலையில் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். அதற்கும் சட்டம் வந்தது.

ஒரே வாரத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தண்டு வெளுத்து, ஜன்னலைத் தேடி நீண்டு வளைந்தது. அண்ணி ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு செடியின் எதிரில் உட்கார்ந்திருப்பார், மணி உருளாது. அந்தச் செடி செத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வருடம் முழுக்க அந்த முகத்தைத் தினம் பார்க்க வேண்டியவள் நான். அந்தக் குச்சியை அவருக்காகக் காப்பாற்றினேனா, என் நிம்மதிக்காகக் காப்பாற்றினேனா என்று கேட்டால், அன்றைக்கு இருந்த எரிச்சலில் இரண்டாவது காரணம்தான் பெரிதாக இருந்தது.

அண்ணி தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இரும்புப் படி ஏறுவேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டின். இரவு பெய்த தூறலில் படி நனைந்து வழுக்கும். வெயில் முதலில் விழும் கிழக்கு மூலையில் வைத்து, ஸ்வெட்டரைச் சுருட்டி இறக்கிவிட்டு, கீழே வந்து இட்லி ஊற்றுவேன். அவர் வருவதற்குள் மறுபடி ஏறி, ஸ்வெட்டரை மாட்டி, அதே முடிச்சைப் போட்டு, அதே மூலையில், இலைகள் பார்த்த திசை மாறாமல் வைக்க வேண்டும். நான் செய்துகொண்டிருந்தது திருட்டு வேலை. என் சொந்த வீட்டில், ஒரு செடிக்கு வெயில் காட்டுவதற்கு. என் கணவர் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் படியில் என்னைப் பார்த்துவிட்டார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எப்படித்தான் உசுரோட இருக்கேனோ" என்று முனகிக்கொண்டு தூங்கப் போனார். ஒரு கை கொடுப்போம் என்று தோன்றவில்லை.

முதலில் அரைமணி நேரம்தான் கிடைத்தது. பூசை முடிந்து ஏழு மணிக்குள் அண்ணி வந்துவிடுவார். அந்த அரைமணி வெயில் போதாதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, என் நல்ல காலம், அவர் தாமதமாக வர ஆரம்பித்தார். ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. கோயில் வளாகத்தில் பழைய சிநேகிதிகளோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வயதானவர்களுக்கு அப்படி ஒரு இடம் வேண்டும்தானே என்று பெருந்தன்மையாக வேறு நினைத்தேன். வரும்போது கேட்டிலிருந்தே பலமாக இருமிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் செருப்பைத் தட்டித் தட்டி ஏறுவார். அந்தச் சத்தம் எனக்கு வசதியாக இருந்தது. அவர் உள்ளே வரும்போது டின் மூலையில் இருக்கும், நான் ஆபீசுக்குச் சேலை கட்டிக்கொண்டிருப்பேன். மூச்சு மட்டும் வாங்கும். ஆபீசில் பல நாள் லேட் மார்க் விழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மொட்டு விரிந்தது. சிவப்பு அல்ல, வெளிறிய ரோஜா நிறம், இதழின் நடுவில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடு. அழகாகத்தான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அண்ணி அதைக் குடிலுக்கு முன்னால் வைத்தார். வீட்டுக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. பங்குச் சாமியார் வந்தபோது நான் கலகலாப் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "குளிர்காலத்தில் மூடி வைத்து, தண்ணீரைக் குறைத்தால்தான் ஜெரேனியம் பூக்கும் சாமி. இவளிடம் வருடாவருடம் சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறாள்" என்றார் அண்ணி. சாமியார் என்னைப் பார்த்து, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று புன்னகைத்தார். படி ஏறி ஏறி நொந்த என் முழங்காலில் அப்போது தைலம் தடவிக் கட்டுப் போட்டிருந்தேன். கலகலாத் தட்டைச் சாமியார் தலையில் கவிழ்க்காமல் இருந்ததுதான் அந்த வருடத்தில் நான் செய்த பெரிய புண்ணியம்.

அடுத்தடுத்த மழைக்காலங்களிலும் இதேதான். கோடையில் துணி காயப்போட வேண்டும் என்ற சாக்கில் டின்னைத் தொட்டிக்குப் பின்னால் நிழலில் தள்ளுவேன். குளிர்காலத்தில் திருட்டு வெயில். செடி தடித்து, தண்டு மரம்போல ஆயிற்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணி ஜெயித்தார்.

பிறகு ஒரு நாள் கோயில் படியில் கால் பிசகி விழுந்தார். இடுப்பில் அடி. ஆபரேஷன் முடிந்து நடமாடத் தொடங்கினாலும் முதல் மாடிப் படி ஏறுவது முடியாத காரியமாகிவிட்டது. அதே கன்னியாஸ்திரிகள், பழைய ஊழியர்களுக்கென்று மலையில் வேறோர் ஊரில் ஒரு முதியோர் இல்லம் வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறேன் என்று அவரே சொன்னார். என் கணவர் அழுதார். நான் வேண்டாம் என்று சொன்னேன், அதை மனதாரத்தான் சொன்னேன். கேட்கிற ஆளா? கிளம்பும் நாள் வேன் வந்து நின்றது. டின்னுக்கு ஸ்வெட்டர் மாட்டி, முடிச்சுப் போட்டு, நானே கீழே கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன். அண்ணி குனிந்து பார்த்தார். "வேணாம். இங்கியே கெடக்கட்டும்" என்றார். வேன் போய்விட்டது. இத்தனை வருடம் இந்தச் செடிக்காக என் கூடத்தை, ஃபேனை, முழங்காலை எல்லாம் எடுத்துக்கொண்டு, கடைசியில் அதையும் என் இடுப்பிலேயே வைத்துவிட்டுப் போகிறாரே என்று தெருவில் நின்றபடி எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

அவர் போனது போன வருடம். இந்த வருடம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று காலையில் போன் வந்தது. இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிஸ்டரின் போனில் பேச விடுவார்கள். என் கணவர் ஷிஃப்டில் இருந்தார், மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். செடி என் பக்கத்தில், வெயிலில், ஸ்வெட்டர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. நலம் விசாரிக்கவில்லை, எடுத்ததும் கேட்டார்.

"உள்ள எடுத்து வெச்சியா?"

"வெச்சாச்சு அண்ணி. கூடத்து மூலையிலதான் இருக்கு" என்றேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காகம் அந்த நேரம் பார்த்துக் கத்தித் தொலைத்தது.

"கூடத்துல காக்கா வளக்கறியா?" என்றார் அண்ணி. நான் கையை வீசிக் காகத்தை விரட்டினேன். "என்ன டபாய்க்காத மே. எனக்கு அப்பவே தெரியும். நீ எடுத்துகினு போன மொத நாளே, பூசை முடிஞ்சு வந்து டின்ன தொட்டுப் பாத்தேன். வெதவெதன்னு இருந்துது. மூலைல கெடக்கிற டின்னு எப்டி சுடும்? அப்பால தான் தெனம் கோயில் முன்னாடி எட்டு மணி வரைக்கும் குந்திகினு இருந்தேன். பனில முட்டி நோவுது, இன்னா பண்றது, அதுக்கு வெய்யில் வேணுமே."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல? சாமியார் முன்னாடி என்னை அப்படிப் பேசினீங்களே" என்று கத்தினேன். கத்தினேன் என்பது உண்மை. பக்கத்து மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா நீ ஜெயிச்சிருப்ப. ஜெயிச்சிருந்தா அத்த மேலயே வுட்டிருப்ப. எனக்குத் தெரியாம பண்ணதால தான் நான் வர்றதுக்குள்ள கீய எடுத்தாந்து வெச்ச" என்றார். பிறகு கோபம் இறங்கிய குரலில், ஆனால் மலைத் தமிழுக்குப் போகாமலே தொடர்ந்தார். "மலைல பனிக்குப் பள்ளிக்கோடம் மூடிட்டா அல்லாரும் போயிடுவாங்க. பொண்ணுங்க, டீச்சருங்க, சமையக்காரி கூட. அம்மாம் பெரிய கட்டடத்துல நான் ஒருத்தி. அந்த டின்னுங்கள ரூம்ல கொண்டாந்து வெச்சுகினு தான் அந்த மாசத்த ஓட்டுவேன். உங்க வூட்டுல மட்டும் இன்னா? ஒம்போது மணிக்கு நீ ஆபீசு, அவன் ஹார்பரு, பொண்ணு காலேஜு. கதவ சாத்திகினு போனா ஏயு மணிக்குத் தான் மனுச மொகம். மய காலத்துல மேல ஏறவும் முடியாது. பகல் பூரா அந்த நாலு செவுத்துக்குள்ள இன்னொரு உசுரு வேணாமா?"

நான் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க எனக்கு அது வேணாம். ரூம்ல நாலு பேரு கீறோம். ஒருத்தி ராப்பகலா பேசிகினே கீறா, பேஜாரு. நீ இனிமே அத்த மேலயே வுட்டுடு. தூக்கிகினு ஏறாத."

"அண்ணி, கேட்டிருந்தா நானே தினம் இறக்கி வெச்சிருப்பேனே" என்றேன்.

"நீயா?" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டார். உடனே திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வரை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த வழுக்குகிற இரும்புப் படியில் மூன்று மழைக்காலம் ஏறி இறங்கியது யார் என்று நினைத்தார்? தினம் காலையில் அதைக் கொண்டுவந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது யார்? நானேதான் அண்ணி. ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாம்.